கரவனுக்குள் சாம்பிராணி

பிரமிளா அக்காவைப் பற்றி லண்டன் வெம்பிளியில் என்ன கதைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கதைக்கிறவர்களில் பாதிப் பேர் அவருடைய கரவனுக்குள் படுத்து எழும்பியவர்கள். அவர் கையால் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டு கடலைப் பார்த்துப் படம் எடுத்தவர்கள். அந்த வாய்களுக்கு வெட்கமே இல்லை. எனக்கு இருக்கிற கோபத்தில் இதை ஆறுதலாக எழுத வராது. ஏலுமானவரைக்கும் ஒழுங்காக எழுதுகிறேன்.

கரவன் என்றால் காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. இரண்டு சில்லு, நாலு பேர் படுக்க இடம், ஒரு காஸ் அடுப்பு, கோப்பை கழுவ ஒரு தொட்டி. அக்காவின் கரவன் கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்கிற ஊரில், அவருடைய வீட்டு வாசலில் பதினெட்டு வருடமாக நிற்கிறது. நான் இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். என் பெயர் றோஸ்மலர்.

அக்கா ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்கிறார். நாள்தோறும் முந்நூறு பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு. அவருக்கும் அவருடைய கணவர் ஆனந்தராஜா அண்ணைக்கும் பிள்ளைகள் இல்லை. இதை நான் இங்கே எழுதவேண்டி வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிறகு நடந்த அநியாயம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இரண்டு பேருக்கு ஏன் நாலு பேர் படுக்கிற கரவன்? சொந்தக்காரரின் பிள்ளைகளுக்காகத்தான். வாங்கின புதிதில் எல்லாரும் சிரித்தார்கள். "அகதி முகாமிலை கூடாரத்துக்குள்ளை கிடந்தது காணாதெண்டோ, இப்ப காசு குடுத்துக் கிடக்கப் போறியள்?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு அடுத்த ஓகஸ்டில் தங்கள் பிள்ளைகளைப் பையும் செருப்புமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். பெற்றதுகளுக்கு ஏழு நாள், ஒரு முழுக் கிழமை, ஓய்வு. அக்காவுக்கு நோர்ஃபோக் கடற்கரையில் வந்த பிள்ளைகளின் ஈர உடுப்புக் காயப்போடும் வேலை. அவர் அதைச் சந்தோஷமாகச் செய்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி தர்ஷினி, ஆனந்தராஜா அண்ணையின் தமக்கை கனகாம்பிகையின் மகள். எட்டு வயதிலிருந்து பதினாறு வயதுவரை ஒவ்வொரு ஓகஸ்டும் அந்தக் கரவனின் ஜன்னலோரப் படுக்கை அவளுடையது.

இனிப் போன வருடத்துக்கு வருகிறேன். தர்ஷினிக்குக் கல்யாணமாகி, மேனுஷா என்று ஒரு பெண்குழந்தை பிறந்திருந்தது. ஓகஸ்டில் அவள் அக்காவுக்குப் போன் எடுத்துக் கரவனைக் கேட்டாள். அவளும் கணவன் யனுஷனும் தாய் கனகாம்பிகையும் குழந்தையும் ஐந்து நாள் கடற்கரைக்குப் போக வேண்டுமாம்.

"பிள்ளைக்கு மூண்டு மாதம் தானேயடி, வாற வருசம் கொண்டுபோவன். அங்கை பின்னேரத்திலை குளிரும்" என்றார் அக்கா.

இவ்வளவுதான் அவர் சொன்னது. அடுத்த நாளே கரவன் பூட்டின் திறப்பைக் கொடுத்தார். கொடுக்க முதல் ஒரு மணித்தியாலம் நின்று எல்லாம் காட்டினார். அடுப்புக்குக் கீழே தரையில் இருக்கிற காற்றுத் துவாரத்தையும் கூரையில் இருக்கிறதையும் காட்டி, "இதுகளை அடைக்கப்படாது" என்றார். சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டி, "இது நச்சுக் காத்துக்கு அலாரம். இது கத்தினா எல்லாரும் வெளியிலை" என்றார். யனுஷன் போனைப் பார்த்துக்கொண்டு "ஓம் மாமி, ஓம் மாமி" என்று சொல்லிக்கொண்டு நின்றான். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

ஐந்து நாளுக்கென்று போனவர்கள் இரண்டாம் நாளே திரும்பி வந்தார்கள். கரவனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, திறப்பை ஆனந்தராஜா அண்ணையின் கையில் கொடுத்துவிட்டு, அக்காவுக்கு ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு போனும் இல்லை. குழந்தைக்கு ஏதோ சுகமில்லையாக்கும் என்று அக்கா இரண்டு தரம் எடுத்துப் பார்த்தார். ஒருவரும் தூக்கவில்லை. அந்த வருடம் வேறு யாரும் கேட்காததால் அண்ணை கரவனை அப்படியே உறையால் மூடிவிட்டார்.

நவம்பரில் குழந்தைக்குப் பல் முளைத்தது. வெம்பிளியில் ஒரு மண்டபம் எடுத்துப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டினார்கள். கனகாம்பிகையோடு ஒரு காலத்தில் துணிக்கடையில் வேலை செய்தவள் என்று எனக்கு அழைப்பு வந்தது. சொந்தத் தம்பியாரான ஆனந்தராஜா அண்ணையைப் போனில் கூப்பிட்டு, "நீ மட்டும் வா" என்று சொன்னாராம். அண்ணை போகவில்லை, அது அவருடைய நல்ல குணம். ஆனால் தன் மனிசியிடம் காரணத்தைச் சொல்லாமல், "அது சின்னக் கொண்டாட்டமாம், வீட்டு ஆக்கள் மட்டுமாம்" என்று பூசி மெழுகினார். அது என்ன குணமென்று நான் சொல்லத் தேவையில்லை. இருநூறு பேர் நின்ற படத்தை அக்கா பேஸ்புக்கில் பார்த்தார்.

நான் போனேன். குழந்தையை வெள்ளைத் துணிக்குக் கீழே இருத்தித் தலையில் கொழுக்கட்டை கொட்டி, எல்லாரும் கைதட்டி, சாப்பாடு தொடங்கின பிறகு கனகாம்பிகை என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"பிரமிளா ஏன் வரேல்லையெண்டு பாக்கிறீரோ? உம்மட்டைச் சொன்னா என்ன, றோஸ்மலர். அவவின்ரை கரவனுக்கை பிள்ளை துவண்டு போச்சு. எங்கள் எல்லாருக்கும் தலையிடி, சத்தி, குடிச்ச தண்ணியும் வெளியிலை. வெளியிலை கொண்டுபோய்க் காருக்கை வைச்சாப் பிறகுதான் பிள்ளை கண் முழிச்சது. வீட்டை வந்து உப்பும் மிளகாயும் சுத்தி அடுப்பிலை போட்டன். நெடியே வரேல்லை. அவ்வளவு கண்ணூறு! மனமில்லாமல் தந்த சாமான் தானே. பிள்ளையில்லாதவவின்ரை கண் வேறை."

நான் வேதக்காரி, ஞானஸ்நானம் எடுத்தவள். கண்ணூறு கழிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை என்று வெளியே சொல்லிக்கொண்டு, என் மகனுக்குக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்து வளர்த்தவள்தான். அது போகட்டும். அந்த நேரம் நான் சொல்லியிருக்க வேண்டும்: உம்முடைய மகளின் ஈர உடுப்பைத் தோய்த்துப் போட்ட கையைப் பற்றியோ இப்படிக் கதைக்கிறீர் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் வாய் நிறையக் கொழுக்கட்டை இருந்தது. அதை விழுங்கினேன். இன்னும் இரண்டு எடுத்தேன். வீட்டுக்கு வந்து அக்காவிடமும் மூச்சு விடவில்லை. குளிர்காலம் முழுவதும் அந்தக் கதை வெம்பிளியிலிருந்து டூட்டிங்வரைக்கும் போய் வந்தது. சபை சந்திகளில் ஆட்கள் தங்கள் குழந்தைகளை அக்காவின் பார்வையிலிருந்து மெல்ல மறைத்தார்கள். அவருக்கு ஏனென்று தெரியாது. எனக்குத் தெரியும்.

மார்ச் கடைசியில் மணிக்கூட்டைக் கோடை நேரத்துக்கு மாற்றியதும் அக்கா கரவனைத் தயார்படுத்தத் தொடங்குவார். ஈஸ்டர் விடுமுறையோடு கரவன் கொண்டுபோகிற காலம் தொடங்கிவிடும். இந்த வேலைக்கு அவரை யாரும் பழக்கவில்லை. தானே புத்தகம் பார்த்து, வீடியோ பார்த்து, பிழை விட்டுப் பழகினார். பள்ளிக்கூடச் சமையலறையில் போலவே ஒன்றுக்குப் பிறகு ஒன்று, ஒழுங்கு தப்பாது. மூடியிருக்கிற உறையை எடுப்பார். கூரையில் பிடித்த பாசியைப் பிரஷ் போட்டு உரசிக் கழுவுவார். சில்லின் ரயரில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். உள்ளே மூலை மூலையாகச் சுவரை அமத்தி ஈரம் ஊறியிருக்கிறதா என்று பார்ப்பார். தண்ணீர்க் குழாய்க்குள் மருந்து விட்டு, ஊறவைத்து, மூன்று தரம் அலசி விடுவார். காஸ் குழாயை மாற்ற வேண்டிய திகதி வந்துவிட்டதா என்று பார்ப்பார். கடைசியாகக் காரோடு கொளுவி லைட் போடுவார். அப்போது பின்னால் நின்று, "இடது எரியுது, வலது எரியுது, பிரேக் எரியுது" என்று கத்துவது என்னுடைய வேலை.

இந்த முறை அவ்வளவு தூரம் போகவில்லை. அக்கா உள்ளே முழங்காலில் நின்று அடுப்புக்குக் கீழே கையை நீட்டினார். அந்தத் தரைத் துவாரத்தில் ஒவ்வொரு வருடமும் சிலந்தி வலை கட்டியிருக்கும். அதைத் துடைத்துவிட்டு, காற்று வருகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

"காத்து வரேல்லை" என்றார்.

டோர்ச் அடித்துப் பார்த்தோம். துவாரத்துக்கு மேலே வெள்ளி நிற டேப் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தது. பிய்த்தால், உள்ளே குழந்தையின் பெனியன் ஒன்று திணித்திருந்தது. கூரைத் துவாரத்தில் பொலித்தீன் பை. சுவரைப் பார்த்தால் வெள்ளைப் பெட்டியைக் காணவில்லை. கரண்டி போடுகிற லாச்சியை இழுத்தால் அதற்குள் கிடந்தது, குழந்தையின் சப்பாத்துப் போட்டு வைக்கிற துணி உறைக்குள், பற்றரி கழற்றி. பிறகு அக்கா தரை விரிப்பைத் தூக்கினார். ஒரு சின்னச் சட்டியின் அடி அளவுக்கு வட்டமாகத் தரை கருகியிருந்தது. சுற்றவரச் சாம்பலும் இரண்டு மூன்று கரித்துண்டும்.

அக்கா படுக்கையில் இருந்துவிட்டார். கையில் அந்தப் பெனியன்.

"றோஸ்மலர், இவையள் ஏன் ரெண்டு நாளிலை திரும்பி வந்தவை? உனக்கு ஏதும் தெரியுமோ?"

நான் சொன்னேன். கொழுக்கட்டையிலிருந்து மிளகாய் வரைக்கும் ஒன்றையும் விடாமல், ஒரே மூச்சில். சொல்லும்போது என் முகம் எரிந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எல்லாருக்கும் தலையிடியோ?"

"ஓம்."

"சத்தியும்?"

"ஓமக்கா."

"வெளியிலை கொண்டு வந்த உடனை பிள்ளைக்குச் சுகமோ?"

"அப்பிடித்தான் சொன்னவ."

என்ன நடந்ததென்று எனக்கே அப்போது விளங்கியது. மழை, குளிர். குழந்தைக்குத் தலை முழுக வார்த்திருக்கிறார்கள். பனி பிடித்துவிடும் என்று துவாரத்தையெல்லாம் அடைத்துவிட்டுச் சட்டியில் கரி மூட்டிச் சாம்பிராணி போட்டுத் தலை காய வைத்திருக்கிறார்கள். சூடாக இருக்கட்டும் என்று சட்டியை உள்ளேயே விட்டிருக்கிறார்கள். அலாரம் கத்தியிருக்கிறது. சாம்பிராணிப் புகைக்குத்தான் கத்துகிறது என்று பற்றரியைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். அது புகைக்குக் கத்தவில்லை. எரிகிற கரியிலிருந்து வருகிற, மணமும் நிறமும் இல்லாத நச்சுக் காற்றுக்குக் கத்தியது. மூடின அறைக்குள் அது நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும். இன்னும் ஒரு மணித்தியாலம் போயிருந்தால் நாலு பிரேதம். அலாரத்தைக் கழற்றிச் சப்பாத்து உறைக்குள் ஒளித்து வைத்தவர்கள், வீட்டுக்கு வந்து உப்பும் மிளகாயும் தேடியிருக்கிறார்கள்!

"உங்களைப் பற்றி அவ சொன்னதுக்கு..." என்று தொடங்கினேன்.

"அது கிடக்கட்டும். இந்த வருசம் எப்ப போகினம்?"

அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது. கண்ணூறு பட்ட கரவன் வேண்டாமென்று அவர்கள் பழைய கரவன் ஒன்று சொந்தமாக வாங்கியிருந்தார்கள். கண்ணூறு படாமல் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து எடுத்த படம் பேஸ்புக்கில் வந்திருந்தது. பெரிய வெள்ளிக்கிழமை புறப்படுவதாக எழுதியிருந்தார்கள்.

அக்கா போன் எடுத்தார், தூக்கவில்லை. ஆனந்தராஜா அண்ணை எடுத்தார். தமக்கையார், "உது அவ சொல்லித் தந்த கதையோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். "விடும் பிரமி, சொல்லியாச்சுத் தானே" என்றார் அண்ணை. அக்கா கார்த் திறப்பை எடுத்தார். முதலில் கடைக்குப் போய் ஒரு புது அலாரம் வாங்கினார். பிறகு நோர்த் சேர்க்குலர் வீதியால் வெம்பிளிக்கு. நான் கேட்காமலே ஏறி இருந்தேன்.

கதவைத் திறந்தது கனகாம்பிகை. எங்களைக் கண்டதும் தலையைத் திருப்பி, "தர்ஷினி, பிள்ளையை மேலை கொண்டு போ" என்றார். வேலை உடுப்போடு ஓடிவந்த தம்பி பெண்சாதியை வாசலிலேயே நிற்கவைத்துச் சொன்ன முதல் வார்த்தை இது. நான் கொதித்தேன். அக்கா கொதிக்கவில்லை. பெனியனையும் சப்பாத்து உறையையும் எடுத்துக் காட்டினார். கரி, துவாரம், அலாரம் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஊரிலை தலைமுறை தலைமுறையாச் சாம்பிராணி பிடிக்கிறம். எந்தப் பிள்ளை செத்தது?" என்றார் கனகாம்பிகை.

"ஊரிலை வீட்டுக்கு ஓட்டு இடுக்காலை காத்து வரும் மச்சாள். இது இறுக்கி மூடின பெட்டி. நாலு பேரும் செத்திருப்பியள்."

"நல்ல நாள் வர முதல் வாயாலை என்ன சொல்லுறீர் பாத்தீரோ!"

அக்கா புது அலாரத்தை நீட்டினார். கனகாம்பிகை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். குழந்தையைக் காப்பாற்ற வந்த சாமானை அந்தக் கையால் வாங்க மாட்டாராம். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் தர்ஷினி படியில் இறங்கி வந்தாள். குழந்தை அவளுடைய தோளில் இருந்தது. தாயைப் பார்க்காமல் கரவன் திறப்பை எடுத்து அக்காவிடம் கொடுத்தாள்.

வாசலில் நின்ற அவர்களுடைய கரவனிலும் துவாரங்கள் ஏற்கெனவே அடைத்திருந்தன, அதே வெள்ளி டேப்பால். அக்கா முழங்காலில் நின்று நகத்தால் கிள்ளிக் கிள்ளி எல்லாவற்றையும் பிய்த்தார். ஸ்க்ரூ பூட்டி அலாரத்தைச் சுவரில் இறுக்கினார். ஒருதரம் அமத்திக் கத்த வைத்தார். குழந்தை திடுக்கிட்டு அழுதது.

"இந்தச் சத்தத்தைக் கேட்டு வை, தர்ஷினி. இது கத்தினா ஆர் என்ன சொன்னாலும் கேளாதை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியிலை ஓடு."

அவள் தலையாட்டினாள். அக்கா குழந்தையைத் தொடவில்லை. கையை நீட்டக்கூட இல்லை. திரும்பி வந்து காரில் ஏறித் திறப்பைப் போட்டார். "நல்ல வடிவா வளந்திட்டுது" என்றார். பிறகு அழுதார். நானும் அழுதேன், ஆனால் என்னுடையது கோபத்தில்.

உயிர்த்த ஞாயிறு காலை நான் பூசைக்கு வெளிக்கிடும்போது அக்கா வந்து தன் போனைக் காட்டினார். தமிழ் எழுதத் தெரியாத தர்ஷினி இங்கிலிஷ் எழுத்தில் தமிழாக அனுப்பியிருந்தாள்: "மாமி, கத்தினது. ஓடிட்டம்." மிச்சத்தை அக்கா போன் எடுத்துக் கேட்டு வைத்திருந்தார். சனிக்கிழமை யனுஷன் வெளியே போய், அவள் பக்கத்துப் பொதுக் குளியலறையில் குளித்துக்கொண்டு நின்ற நேரம், பேத்திக்குத் தலை காயட்டும் என்று கனகாம்பிகை மறுபடியும் கரி மூட்டியிருக்கிறார். யன்னலையும் கதவையும் சாத்தியிருக்கிறார். அலாரம் கத்தியதைக் கேட்டு ஈர உடம்போடு ஓடிவந்த தர்ஷினி, தாயையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு புல்லில் விழுந்திருக்கிறாள். எல்லாருக்கும் சுகம்.

இனி வெம்பிளியில் வாயை மூடுவார்கள் என்று நான் நம்பினேன். எவ்வளவு மடைச்சி நான்! இரண்டு கிழமை கழித்து அங்கே ஒரு கடையில் மீன் வாங்க நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் கதைத்தார்கள்.

"வாசலிலை வந்து நிண்டு, நாலு பேரும் சாவியள் எண்டு சொன்னவவாம். சொன்ன மாதிரியே நடக்கப் பாத்ததாம். கருநாக்கு!"

கண் போய் இப்போது நாக்கு. உயிரைக் காப்பாற்றினதற்குக் கிடைத்த பட்டம். இந்த முறை என் வாயில் கொழுக்கட்டை இருக்கவில்லை. அந்தக் கடையில் நான் கத்தின கத்தலில் மீன் வெட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கரி, டேப், சப்பாத்து உறை, உப்பு, மிளகாய் எல்லாவற்றையும் பெயர் ஊரோடு சொன்னேன். மீன் வாங்காமல் வந்தேன்.

வந்தபோது அக்கா கரவனைக் காரோடு கொளுவிக்கொண்டிருந்தார். பாசி போய்க் கூரை வெள்ளையாக இருந்தது. கருகின வட்டத்துக்கு மேலே புது விரிப்பு. மேதின லீவுக்கு அவரும் அண்ணையும் புறப்படுகிறார்கள். நான் மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். கருநாக்கு என்ற சொல்லைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. ஆனால் இனி ஒன்றையும் அவரிடம் ஒளிப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

அவர் கொளுக்கியை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நான் சொன்னாப் பலிக்குமாமோ?"

"அப்பிடித்தான் சொல்லுகினம், விசர்க் கூட்டம்."

"அப்ப, மேனுஷா நூறு வயசுக்குச் சுகமா இருப்பாளெண்டு நான் சொன்னனெண்டு போய்ச் சொல்லிவிடு."

சொல்லிவிட்டுக் காரில் ஏறி லைட்டைப் போட்டார். நான் பின்னால் போய் நின்று, இடது எரியுது, வலது எரியுது என்று கத்தினேன். அவர் சொன்னதை வெம்பிளிக்கு நேரில் போய்ச் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. அதனால் இங்கே எழுதிவிட்டேன். வாசிக்கட்டும்.